சாவிக்காக ஒரு பட்டிமன்றம்

பென்ஷனும் இலவச அரிசியும் கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டோம், கூப்பிட்டால் ஒருவரும் வேலைக்கு வருவதில்லை என்று எங்கள் கவுன்சிலர் சிஜு டிவியில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் நான் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சாயாக்கடை வாசலில் நின்று, பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தலைக்கு மேலேயே டிவி இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“அந்த டிவிய அணைங்க சேட்டா. இல்லேன்னா இந்தப் பாலைத் தூக்கி அவன் மூஞ்சியில ஊத்திருவேன்.”

“டிவி என்னோடதாக்கும் சேச்சி, சிஜுவோடது இல்ல” என்று கடைக்காரர் பதறிப்போய் அணைத்துவிட்டார். வேலை மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் பெயர் காளியம்மை. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மட்டாஞ்சேரியில்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். இஞ்சிக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், சுக்குத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். கிட்டங்கியை விற்று அங்கே சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக்கிவிட்டார்கள். அதே வருடம் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அப்புறம் எனக்குக் கிடைத்ததெல்லாம் விதவை பென்ஷன்தான். அது வந்தால் சாக மாட்டோம், அவ்வளவுதான். வாழ்வதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வழி எங்கள் காலனிக்குள்ளேயே இருந்தது. காலனி சமூகக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சமையற்கூடம் உண்டு. கொரோனா காலத்தில் நான், செல்வலட்சுமி, சுனிதா, இன்னும் நாலு பெண்கள் அங்கே நின்று ஊருக்கே சமைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பினோம். கொரோனா போனதும் கூடத்தைப் பூட்டினார்கள், எங்களையும் மறந்தார்கள். சுற்றிலும் கிட்டங்கிகள், சுமை தூக்குகிறவர்கள், வடக்கேயிருந்து வந்த பையன்கள். மத்தியானமானால் எல்லாரும் சோற்றுக்கு அலைகிறார்கள். அந்தக் கூடத்தை எங்களிடம் கொடுத்தால் சாப்பாட்டுக் கடை நடத்துவோம் என்று சிஜுவின் ஆபீசுக்கே போய்க் கேட்டோம்.

“உங்களுக்கெல்லாம் பென்ஷன் உண்டல்லோ, ரேஷன் அரிசியும் உண்டு. பின்னே எதுக்கு சேச்சி இந்தக் கஷ்டம்?” என்றான் சிஜு. “மூணு மாசத்துல பூட்டிப் போட்டுட்டுப் போயிருவீங்க. தேவராவுல இருந்து ஒரு காண்டிராக்டர் கேட்டிருக்கார். கல்யாண மண்டபம் ஆக்கலாம்னு. அதுதான் லாபம்.”

இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாளே டிவியில் உட்கார்ந்து யாரும் வேலைக்கு வருவதில்லை என்கிறான். பால் சட்டியைத் தூக்காமல் விட்டது என் பொறுமை.

இந்த நேரத்தில்தான் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கொடை என்றால் மேளமும் பொங்கலும் மட்டும் இல்லை; எங்கள் காலனியில் முதல் நாள் சாயங்காலம் பட்டிமன்றமும் உண்டு. பக்கத்து மலையாளிகள் கானமேளா என்று பாட்டுக் கச்சேரி வைக்கும் இடத்தில் நாங்கள் மைக் பிடித்துச் சண்டை போடுவோம். ஒரு வருடம் நடுவராக வந்தவர், இரண்டு பக்கமும் ஜெயித்தது என்று வழுக்கிவிட்டு, பொன்னாடையை மடித்துக்கொண்டு போய்விட்டார். ஜனங்களுக்கு வந்ததே ஆத்திரம்! அதிலிருந்து நடுவர் கையிலும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. காப்புக் கட்டியவர் கொடை முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது, சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. நடுவர் ஒரு பக்கம்தான் சொல்ல வேண்டும், சொன்னால் அது அம்மன் முன்னால் சொன்ன மாதிரி.

இந்த வருடம் நடுவர் சிஜு. தேர்தல் வருகிறது, தமிழ் ஓட்டு வேண்டும், கூப்பிட்டவுடன் வந்துவிட்டான். வேட்டி, ஜிப்பா, செண்ட் வாசனை. பூசாரி காப்புக் கட்டும்போது கையை நீட்டி நீட்டி போட்டோ எடுத்துக்கொண்டான். அது என்ன கயிறு என்று அவனும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை.

தலைப்பு, “ஏழையைக் கரையேற்றுவது பென்ஷனா, வேலையா?” கொடைக் கமிட்டித் தலைவர் ஆறுச்சாமி அண்ணாச்சி சிஜுவைச் சீண்டுவதற்கென்றே வைத்த தலைப்பு அது. அண்ணாச்சி கார்ப்பரேஷனில் துப்புரவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய யூனியன்காரர், சிஜுவுக்கு எதிர்க்கட்சி. பென்ஷன் பக்கம் அவரே பேசினார். “பென்ஷன் பிச்சை இல்லடா, உரிமை! இந்த ஊரைக் கட்டின கைக்கு ஊரு குடுக்குற மரியாதை!” என்று அவர் மேசையைத் தட்டியபோது நானும்தான் கைதட்டினேன்.

வேலை பக்கம் ஹோட்டல்காரர் முத்துவேல் பேசினார். “எங்க கடையில நாலு வேலை காலியாக் கெடக்கு. வர ஆளு இல்ல. எல்லாருக்கும் சும்மா கெடைக்குது, எவன் வருவான்?” என்றார். சிஜு தலையை ஆட்டி ஆட்டி ரசித்தான். அடுத்து அதே பக்கம் பேச கலூரிலிருந்து ஒருவர் வர வேண்டும். மைக்கில் மூன்று முறை கூப்பிட்டார்கள், ஆளைக் காணோம்.

“வேலை வேணும்னு பேச வேண்டியவரே வேலைக்கு வரலையே!” என்று நான் கீழேயிருந்து கத்தினேன். கூட்டம் சிரித்தது. சிஜுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ சேச்சியே வந்து பேசட்டே” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். செல்வலட்சுமி என் முதுகில் கையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள்.

மேடை ஏறியபிறகு என்ன பேசுவதென்றே தெரியவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மைக்கைப் பிடித்ததும் முத்துவேல் முகம் கண்ணில் பட்டது. வார்த்தை தானாக வந்தது.

“முத்துவேல் அண்ணே, நீங்களும் நானும் வேலை பக்கம்தான், இருந்தாலும் கேக்கேன். போன மாசம் நான் உங்க கடைக்கு வேலை கேட்டு வந்தேனா இல்லையா? அம்மன் இருக்கா, பாத்துச் சொல்லுங்க.”

முத்துவேல் மேசையைப் பார்த்தார்.

“வந்தேன். என்ன சொன்னீங்க? உனக்கு வயசாயிட்டு, எனக்கு எளவட்டப் பசங்கதான் வேணும்னீங்க. வேலை காலியாக் கெடக்கா, இல்ல நீங்க காலியாப் போட்டிருக்கீங்களா?”

கூட்டம் ஓ என்று கத்தியது. யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு வாய் சூடு ஏறிவிட்டது, இனி என்னை யார் நிறுத்துவது? நான் சிஜு பக்கம் திரும்பினேன்.

“நடுவர் சாரே, நாங்க ஏழு பேரு வேலை கேட்டு உங்க ஆபீசுக்கு வந்தோம். பென்ஷன் உண்டல்லோ, வேலை எதுக்குன்னு அனுப்பிட்டீங்க. மறுநா டிவில போயி, பென்ஷன் வாங்குறவங்க வேலைக்கு வர மாட்டேங்காங்கன்னு சொல்லுறீங்க. கதவச் சாத்துனதும் நீங்க, உள்ள யாரும் வரலேன்னு சொல்லுறதும் நீங்களா? எந்தா சாரே இது! ஏ செல்வலட்சுமி, சுனிதா, எந்திரிங்கடி எல்லாரும்! நல்லாப் பாத்துக்கோங்க சாரே, இவங்கதான் நீங்க டிவில சொன்ன சோம்பேறிங்க!”

பெண்கள் எழுந்து நின்றார்கள். சுனிதா இடுப்பில் கையை வேறு வைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. சிஜு காப்புக் கட்டிய கையால் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான்.

ஆறுச்சாமி அண்ணாச்சி விடுவாரா? மைக்கை இழுத்து, “எல்லாம் சரிதான் காளியம்மை. வேலை கெடைச்சா பென்ஷன விட்டுருவியா? அதச் சொல்லு” என்று மடக்கினார். எல்லாருக்கும் வயிற்றில் இருந்த கேள்வி அதுதான்.

“அண்ணாச்சி, நான் தண்ணியில முங்காமப் புடிச்சு வச்சிருந்தது பென்ஷன்தான். அதுக்கு நான் கும்புடு போடுறேன். ஆனா தண்ணியிலயே எத்தன நா நிக்கது? கரைக்கு ஏறணும்னா வேலை வேணும். கால் தரையில நல்லா ஊனுனபெறகு, பென்ஷன் வேண்டாம்னு நானே வந்து சொல்லுவேன். ஊனுறதுக்கு முன்னாடியே கையை விட்டுராதீங்க. நாளைக்கு அடுப்பு அணைஞ்சுபோனா திரும்பத் தருவோம்னு உங்க கட்சியும் சொல்லட்டும், நடுவர் கட்சியும் சொல்லட்டும். ரெண்டு கட்சிக்காரங்களும் எங்கள வச்சுத்தான் சண்ட போடுறீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அண்ணாச்சி மைக்கைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கை தட்டினார். அப்புறம் கூட்டம் தட்டியதைக் கேட்க வேண்டுமே!

சிஜு எழுந்தான். “ரெண்டு பக்கமும் நல்லாப் பேசினாங்க. பென்ஷனும் வேணும், வேலையும் வேணும்...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், நாலா பக்கமும் கூச்சல். “அது நடக்காது!” “காப்புக் கட்டியிருக்கு!” “ஒரு பக்கம் சொல்லு!” அவன் திகைத்துப் போய் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி அப்போதுதான் அந்தக் கயிற்றின் கதையை அவன் காதில் சொன்னார். சிஜு கையைத் தூக்கிக் கயிற்றைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கே அந்த வருடக் கொடை போதும்.

“சரி. வேலை!” என்றான். “கரையேற்றுறது வேலைதான். இது என் தீர்ப்பு.”

“அப்போ கூடத்துச் சாவி?” என்றாள் செல்வலட்சுமி கீழேயிருந்து.

எத்தனையோ போன் கேமராக்கள் அவன் முகத்துக்கு நேராக இருந்தன. சிஜு ஒரு நொடி யோசித்தான். அரசியல்வாதி அல்லவா, வழி கண்டுபிடித்துவிட்டான். “நாளைக்கு அம்மனுக்கு அன்னதானம் உண்டல்லோ? இந்தச் சேச்சிமாரே அந்த அடுக்களையில சமைக்கட்டும். வந்தவங்க எல்லாரும் வயறு நிறையச் சாப்பிட்டா, சாவி இவங்களுக்கு. ஒருத்தர் பசியோட போனாலும் காண்டிராக்டருக்கு. மதியோ, போதுமா?” சொல்லிவிட்டு அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தான். அம்மன் கொடைக்கு ஆண்கள்தான் சமைப்பார்கள், பெண்களைக் கமிட்டி உள்ளே விடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. படுபாவி!

அவன் நினைத்தது போலவே கமிட்டி குதித்தது. பெண்களே கூடாது, அதிலும் மூன்று பேர் தாலி இல்லாதவர்கள், அம்மனுக்கு ஆகாது என்றார்கள். அண்ணாச்சியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் தோற்றேன் என்று தெரியும், அதனால் கத்தினேன்.

“கோயிலுக்குள்ள இருக்கவ யாரு கூட இருக்கா அண்ணாச்சி? தனியா உக்காந்துதான் இந்த ஊரக் காக்கா! அவளுக்கு ஆகும்னா எங்களுக்கும் ஆகும்!”

கடைசியில் பூசாரிதான் வாயைத் திறந்தார். “காப்புக் கட்டின வாய் சொல்லிருச்சு. இனி மாத்த எனக்கும் அதிகாரம் இல்ல, உங்களுக்கும் இல்ல.” சிஜுவை மாட்ட வைத்த கயிறு கமிட்டியையும் சேர்த்துக் கட்டிவிட்டது. தென்காசியிலிருந்து வந்திருந்த சமையல் மாஸ்டர் சங்கரலிங்கம் மட்டும், “அப்போ நாளைக்கு எனக்கு ரெஸ்ட்டா?” என்று சந்தோஷமாகக் கேட்டார்.

மறுநாள் விடியும்போதே சிஜுவின் உதவியாளர் வந்து கூடத்தைத் திறந்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒட்டடையும் எலிப் புழுக்கையும். கழுவித் தள்ளினோம். கேஸ் அடுப்பில் பாதி எரியவில்லை. சுனிதா போய்க் கிட்டங்கிச் சுமைக்காரர்களிடம் சொன்னதும், உடைந்த மரப்பெட்டிகளைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். வெளியே கல் கூட்டி அடுப்புப் போட்டோம். தமிழ் ஆட்களுக்குப் பொன்னி அரிசி ஒரு அண்டா, மலையாளிகளுக்கு மட்டையரிசி ஒரு அண்டா. சாம்பார், அவியல், ரசம், பாயசம். செல்வலட்சுமி உப்புப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், நான் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அவள் நாக்கு தப்பாது.

முதல் பந்தி அருமையாகப் போனது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது பந்தியில்தான் வாசலைப் பார்த்தேன். பெண்கள் சமைக்கிறார்கள், கவுன்சிலர் பந்தயம் வைத்திருக்கிறார் என்று செய்தி பரவி, பஜார் ரோடே திரண்டு வந்து நிற்கிறது. வடக்கத்திப் பையன்கள் மட்டுமே ஒரு வரிசை. அண்டாவில் சோறு அடி தெரிகிறது. கமிட்டி தந்த அரிசி தீர்ந்துவிட்டது.

“அக்கா, போச்சுக்கா. சாவி போச்சு” என்றாள் செல்வலட்சுமி.

அப்போது வாசலுக்கு எதிரே நடைபாதையில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு விற்கும் அம்மிணி கண்ணில் பட்டாள். அவளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், கப்பைக் குவியலைச் சாக்கால் மூடிவிட்டு.

“அம்மிணிச் சேச்சி! கப்பையப் பூராக் குடு!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

“எடுத்தோடி, எல்லாம் எடுத்தோ!” என்று அவளே சாக்கை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வரிசையில் நின்ற பெண்கள் கத்தியோடு உட்கார்ந்து தோல் சீவினார்கள். கப்பையை வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துப் போட்டு மசித்தோம். அம்மன் கொடையில் கப்பையா என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு வந்தார். ஒரு வாய் வாங்கிப் போட்டுக்கொண்டவர், அப்படியே இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு நடுவில் சிஜு நழுவப் பார்த்திருக்கிறான். வல்லார்பாடத்தில் கட்சிக் கூட்டம், உடனே போக வேண்டும் என்று காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். டிரைவர் மாரிச்செல்வம் எங்கள் காலனிப் பையன். சாவியைத் திருகவே இல்லையாம். “காப்புக் கட்டுன ஆள எல்லை தாண்டி ஏத்திட்டுப் போக மாட்டேன் சாரே. கட்சி உங்கள மன்னிக்கும், அம்மன் என்னைய மன்னிக்க மாட்டா” என்று சொல்லிவிட்டு இறங்கி, கதவைத் திறந்து பிடித்திருக்கிறான். சிஜு இறங்கி நடந்து வந்து கடைசிப் பந்தியில் வடக்கத்திப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

நானே பரிமாறினேன். கப்பை வைத்தேன், தின்றான். மறுபடி வைத்தேன், தின்றான். மூன்றாவது தடவை அவனே இலையைத் தட்டிக் காட்டினான். வரிசையில் மீதி ஒருவரும் இல்லை. வாசல் காலியாக இருந்தது. சுமைக்காரர்களின் மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டே, “நாளைக்கும் உண்டோ சேச்சி? எங்க ஆளுங்க முப்பது பேரு, தெனமும் வருவோம். காசுக்குத்தான்” என்று சிஜு காதில் விழவே கேட்டார்.

உதவியாளர் கூடத்தைப் பூட்ட வந்து, என்னிடம் சாவிக்குக் கையை நீட்டினார். சிஜு எழுந்தான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

“அது சேச்சியோட கையிலேயே இருக்கட்டும்” என்றான். “கார்ப்பரேஷன்ல நான் பேசிக்கிறேன்.” அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். “டிவில சொன்னது தப்பு சேச்சி. அங்கேயே போயி மாத்திச் சொல்றேன்.”

நான் அழுதேன். எல்லார் முன்னாலும், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். செல்வலட்சுமி என்னைக் கட்டிக்கொண்டாள், சுனிதா எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். மேளக்காரர்கள் எதற்கென்று தெரியாமலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சிஜு சொன்னபடி செய்தான். டிவியில் சொன்னான், கார்ப்பரேஷனிலும் பேசினான். தேவரா காண்டிராக்டர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் கூடத்தை நடத்தும் உரிமையை எங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். வேலை நிலைக்கும்வரை யார் பென்ஷனிலும் கை வைக்கக் கூடாது என்று சிஜுவும் அண்ணாச்சியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கட்சியும் அன்றுதான் முதல் தடவையாக ஒரே பேனாவைப் பிடித்தது.

கடை திறந்த அன்று காலையில் குளித்து, தலையை இழுத்து முடிந்துகொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினேன். வரிசையாக வீட்டு வாசல்களில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “எங்க காளியம்மை, காலங்காத்தால கெளம்பிட்ட?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வேலைக்கு!” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தெருக்கோடி வரைக்கும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.